ஓடாத வண்டிகளின் வரலாறு

ஆரணிப் பட்டைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். அதன் அருகிலுள்ள எங்கள் களம்பூரை அரிசி வாணிகர் நன்கு அறிவர். ஆனால் ரயில்வேக் கால அட்டவணையைக் கையில் எடுத்து, அதில் 'களம்பூர்' என்னும் பெயரைத் தேடுபவர் ஏமாந்தே போவார். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை என்று அவர் முடிவு கட்டினால் அதில் வியப்பில்லை. உண்மை என்ன? விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர், வேலூர் வழியாகக் காட்பாடி செல்லும் இருப்புப்பாதையில் எங்கள் ஊரிலேயே நிலையம் இருக்கிறது. அந்நிலையத்தின் பெயர் 'ஆரணி ரோடு'. ஆரணி நகரமோ அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் பழைய அட்டவணைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வாராயின், "ஆரணிக்கு ரயில் இருந்தது, களம்பூருக்கு இல்லை" என்று எழுதிவிடுவார். அவர் கண்ட சான்று பொய்யன்று. அவர் கண்ட முடிவு இரண்டும் பிழை.

நான் சிறுவனாக இருந்த நாளில் இப்பாதை மீட்டர் பாதையாக இருந்தது. கைக்கடிகாரம் கட்டியவர் ஊரில் சிலரே. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் வண்டியின் ஊதலைக் கேட்டே பொழுதை அளப்பார்கள். சில நாட்களில் ஊதல் கேட்காது. "இன்னைக்கு வண்டி இல்லை போல" என்பார் என் பாட்டி. "வண்டியெல்லாம் போயிடுச்சி, காத்து மாறி அடிக்குது, அதான் கேக்கலை" என்பார் தாத்தா. "இன்னும் வரலை, வரும்" என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார். ஒரே அமைதிக்கு மூன்று பொருள்கள்! வண்டி வராமல் இருந்திருக்கலாம்; வந்தும் நம் காதுக்கு எட்டாமல் போயிருக்கலாம்; இனிமேல்தான் வர இருக்கலாம். இவற்றுள் எது உண்மை என்பதை அந்த அமைதியே நமக்குச் சொல்லாது. நிலையத்துக்குச் சென்று விசாரித்தால்தான் தெரியும்.

மாணவ நண்பர்களே, ரயில் வண்டிகளின் பழைய ஓட்டக் கணக்குகளில் காணப்படும் ரத்துகளுக்கும் இடைவெளிகளுக்கும் எவ்வாறு பொருள் காண்பது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். இது வறண்ட பொருள் போலத் தோன்றலாம். எண்களை நம்பி வரலாறு எழுதும் காலத்தில் நாம் வாழ்கிறோம். எண் இருக்கும் இடத்தில் ஐயப்படுவதற்கு நமக்கு ஓரளவு பழக்கம் உண்டு. எண் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதை யாரும் நமக்குக் கற்றுத் தருவதில்லை.

முதலில், ரயில் கணக்கு எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். நிலைய அலுவலர், வண்டி வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும், அடுத்த நிலையத்திடம் வழி கேட்டுப் பெற்ற நேரத்தையும் பதிவேட்டில் எழுதுகிறார். வண்டியின் கடைசியில் வரும் கார்டு தம் குறிப்பேட்டில் தாமும் எழுதிக்கொள்கிறார். கட்டுப்பாட்டு அலுவலகத்திலோ, நேரத்தை ஒரு பக்கமும் தூரத்தை ஒரு பக்கமும் குறித்த பெரிய தாளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாய்கோடு முன்பு வரையப்பட்டு வந்தது. இவையெல்லாம் நாள் கணக்காகவும் மாதக் கணக்காகவும் தொகுக்கப்பட்டு, ஆண்டறிக்கையில் 'நேரந்தவறாமை இத்தனை விழுக்காடு' என்னும் ஒற்றை எண்ணாகச் சுருங்கும். ஆயிரக்கணக்கான கைகள் எழுதிய குறிப்புகள் ஓர் எண்ணாகச் சுருங்கும்போது, அதில் எவையெவை சேர்ந்தன, எவையெவை விடுபட்டன என்று கேட்பதே வரலாற்று மாணவரின் முதற்கடமை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பாதையில் ஒரு நாளில் 10 வண்டிகள் ஓட வேண்டும். 6 வண்டிகள் நேரத்துக்கு வந்தன. 2 வண்டிகள் தாமதமாக வந்தன. 2 வண்டிகள் ரத்தாயின. நேரந்தவறாமை எத்தனை விழுக்காடு? ஓடிய 8 வண்டிகளுள் 6 என்று கொண்டால் 75 விழுக்காடு. ஓடியிருக்க வேண்டிய 10 வண்டிகளுள் 6 என்று கொண்டால் 60 விழுக்காடு. இரண்டும் கணக்கில் பிழையற்றவை. இன்னும் ஒரு படி செல்வோம். தாமதமாக வந்த அந்த இரண்டு வண்டிகளையும் முன்னதாகவே ரத்து செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓடியவை 6, நேரத்துக்கு வந்தவையும் 6. முதல் முறைப்படி 100 விழுக்காடு! பயணிகளுக்குக் கிடைத்த வண்டிகள் குறைந்தன. புள்ளிவிவரத்துக்குக் கிடைத்த மதிப்பெண் கூடியது.

இது வகுப்பறைக் கற்பனை என்று எண்ண வேண்டா. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சு 22 அன்று, நாடெங்கும் பயணி வண்டிகளை நிறுத்துவதாக இந்திய ரயில்வே அறிவித்தது. மே 12 முதல் 15 இணைச் சிறப்பு வண்டிகளும், ஜூன் 1 முதல் மேலும் 100 இணை வண்டிகளும் விடப்பட்டன. அந்நிலையில் 2020 ஜூலை 1 அன்று ஓடிய 201 வண்டிகளும் குறித்த நேரத்தில் சேர்ந்தன என்றும், ரயில்வே வரலாற்றில் 100 விழுக்காடு நேரந்தவறாமை எட்டப்பட்டது அதுவே முதன்முறை என்றும் செய்தி வெளிவந்தது. செய்தி உண்மையே. ஆனால் சாதாரண நாட்களில் இந்நாட்டில் ஓடிய பயணி வண்டிகள் ஏறக்குறைய 13,000. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அன்று ஓடவே இல்லை. பால்காரரும் நெசவாளரும் கல்லூரி மாணவரும் ஏறிச் செல்லும் சாதாரணப் பயணி வண்டி ஒன்றுகூட அந்த 201இல் இல்லை. எதிர்கால மாணவர் ஒருவர் எண்களை மட்டும் நோக்கினால், இந்திய ரயில்வே தன் பயணிகளுக்கு மிக நன்றாகத் தொண்டாற்றிய நாள் 2020 ஜூலை 1 என்றே எழுதுவார்.

அதே ஆண்டு மே மாதத்தில், வேலையிழந்த தொழிலாளரை ஊருக்குக் கொண்டுசெல்லத் தனி வண்டிகள் விடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். 4,600க்கும் மேற்பட்ட அவ்வண்டிகளில் ஏறக்குறைய 63 லட்சம் பேர் பயணம் செய்தனர். மும்பைப் பகுதியிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூருக்குப் புறப்பட்ட ஒரு வண்டி, நெரிசல் காரணமாகத் திருப்பிவிடப்பட்டு ஒடிசாவின் ரூர்கேலா வழியாகச் சென்றது அக்காலத்தில் பெருஞ்செய்தியாயிற்று. அவ்வண்டிகளின் பெயர் வழக்கமான கால அட்டவணையில் இல்லை. அட்டவணையில் இல்லாத வண்டியின் தாமதத்தை எந்த நேரத்தோடு ஒப்பிட்டு அளப்பது? தண்ணீருக்கும் உணவுக்கும் தவித்துக்கொண்டு மக்கள் அமர்ந்திருந்த அந்த மணிகளுக்கு நேரந்தவறாமைக் கணக்கில் இடமில்லை.

இவற்றைச் சொல்லி ரயில்வேயைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவ்வுரிமையும் எனக்கு இல்லை. நானும் ஆண்டுக்கணக்கில் ஒரு பதிவேட்டைக் காத்தவன். பள்ளி வருகைப் பதிவேட்டைத்தான் சொல்கிறேன். நான் தலைமை ஆசிரியராக இருந்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பல வாரங்கள் தொடர்ந்து வரவில்லை. அவன் வீட்டில் தறி உண்டு. துணைக்கு ஆள் இல்லாமல் அவனைத் தறியில் அமர்த்திவிட்டார்கள் என்று தெரியும். ஆய்வு அலுவலர் வரும் நாள் நெருங்கியது. அவனது பெயருக்கு நேரே இருந்த வரிசை வகுப்பின் வருகை விழுக்காட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. நெடுநாள் வராதவன் பெயரை நீக்கலாம் என்னும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். விழுக்காடு உடனே உயர்ந்தது. அலுவலர் பாராட்டிவிட்டுப் போனார். சில மாதங்கள் கழித்து ஆரணிக் கடைத்தெருவில் அப்பையன் நூல் மூட்டையுடன் எதிரே வந்தான். வணக்கம் சொல்லிவிட்டு, "எம் பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல இருக்குதா சார்?" என்று கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே கூற எனக்கு மனமில்லை.

அப்பதிவேட்டில் பொய் ஒன்றும் எழுதப்படவில்லை. வந்தவர் வந்ததாகவே குறிக்கப்பட்டனர். வராதவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவே. ரயில் கணக்கில் 'ரத்து' என்னும் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புக் கோடு நினைவுக்கு வருகிறது.

பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டவையே. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டில் ஒரு புதிய அளவுமுறை வந்தது. நெடுந்தூர வண்டியானால் 10 நிமிடத்துக்குள்ளும், ஏனைய வண்டியானால் 5 நிமிடத்துக்குள்ளும் கடைசி நிலையத்தை அடைய வேண்டும். ரத்தான வண்டி தவறிய வண்டியாகவே எண்ணப்படும் என்பது அதன் விதி. நல்ல விதிதான். ஆனால் முந்திய நாள் இரவு 10 மணிக்குள் அட்டவணையிலிருந்தே எடுக்கப்பட்ட வண்டி, மறுநாள் கணக்கில் ரத்தாகவும் தோன்றவில்லை. விதியை இறுக்கினால் இடைவெளி மறைவதில்லை. சில வேளைகளில் அது வேறோரிடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

நம் நாட்டு விதியையும் அறிந்துகொள்ளுங்கள். 2012-13 முதல் 2018-19 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, நம் ரயில்வே வண்டியின் நேரத்தைக் கடைசி நிலையத்தில் மட்டுமே அளக்கிறது என்றும், அங்கும் 15 நிமிடத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்கிறது என்றும் எடுத்துக்காட்டியது. கடைசி நிலையத்தை நெருங்கும் இடத்தில் அட்டவணையில் சில நிமிடங்கள் கூடுதலாக வைப்பதும் வழக்கம். ஆதலால் ஆரணி ரோடு போன்ற இடைநிலையத்துக்கு முக்கால் மணி பிந்தி வந்த வண்டியும், முடிவில் 'நேரத்துக்கு வந்த வண்டி' ஆகிவிடக்கூடும். இடைநிலையத்து மக்களின் காத்திருப்பு அந்த ஆண்டறிக்கையின் எண்ணுக்குள் வருவதே இல்லை.

இதுவரை ஒரு நாளைய ரத்தைப் பற்றிப் பேசினோம். ஆண்டுக்கணக்கில் நீளும் இடைவெளிகள் உண்டு. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928ஆம் ஆண்டில் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், போர்த்தேவைக்காக அதன் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. 1954இல் வண்டி மீண்டும் ஓடியது. பின்னர் 2010ஆம் ஆண்டின் முடிவில் அதே பாதை மீண்டும் மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் வண்டி திரும்பி வந்தது. ஓட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் இரண்டும் பன்னிரண்டு ஆண்டு அளவில் ஒன்றுபோலவே தோன்றும் வெற்றிடங்கள். காரணமோ நேர் எதிரானது. முதல் இடைவெளியில் பாதை பறிக்கப்பட்டது. இரண்டாம் இடைவெளியில் பாதை அகலமாக்கப்பட்டது. முன்னதில் போடி மக்கள் இழந்தது போருக்காக. பின்னதில் காத்திருந்தது அகலப்பாதைக்காக.

போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டவை எல்லாம் திரும்பி வந்துவிடவும் இல்லை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சத்தால் வாடிய அப்பகுதிகளுக்காக அமைக்கப்பட்டவை அவை. மூடப்பட்டபின் அப்பழைய பாதைகளில் வண்டி ஓடவே இல்லை. ஆகவே, ஒரு தொடரில் எண்கள் நின்றுபோனால், அது இடைவெளியா முடிவா என்று அந்த ஆண்டில் வாழ்ந்தவருக்கே தெரிந்திருக்காது. பின்னால் வந்த நாம்தான் ஒன்றை 'இடைவெளி' என்றும் மற்றொன்றை 'முடிவு' என்றும் பெயரிடுகிறோம்.

இலங்கையில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற யாழ்தேவி 1990ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரால் நின்றது. 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் அந்நிலையத்துக்கு ஒரு வண்டிகூடத் தாமதமாக வரவில்லை என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்க முடியாது. அவ்வளவு உண்மையான ஒரு கூற்று அவ்வளவு கொடுமையாகவும் இருக்க முடியும் என்பதைக் கவனியுங்கள்.

இனி நான் சொல்லப்போவது இடைவெளிகளுள் மிகக் கடுமையானது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் சென்றுவந்தன. 1964 டிசம்பர் 22 அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்பு, 653ஆம் எண் பயணி வண்டி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டது. கடும்புயல். தனுஷ்கோடிக்குச் சற்று முன்னே கைகாட்டி இயங்கவில்லை. சிறிது நேரம் காத்திருந்த வண்டி பிறகு நகர்ந்தது. கடலலை எழுந்து ஆறு பெட்டிகளையும் மூடிற்று. ஒருவரும் பிழைக்கவில்லை. பயணிகள் 110, ஊழியர் 5, ஆக 115 பேர் என்பது அந்நாளைய கணக்கு. சீட்டு வாங்காமல் ஏறியவர்களும் இருந்திருப்பர், ஆதலால் இறந்தோர் தொகை 200ஐ எட்டலாம் என்ற கருத்தும் உண்டு.

வரலாற்று மாணவர்களே, இந்த வண்டியின் கணக்கை எண்ணிப் பாருங்கள். பாம்பனில் புறப்பட்ட நேரம் இருக்கிறது. தனுஷ்கோடியில் சேர்ந்த நேரம் இல்லை. சேர்ந்த நேரம் இல்லாத வண்டிக்குத் தாமதம் கணக்கிட முடியாது. ஆகவே அது சராசரிக்குள் வராது. அது ரத்து செய்யப்பட்ட வண்டியும் அன்று, புறப்பட்ட வண்டி. அந்த இரவில் கம்பிகள் அறுந்தன, நிலையம் அழிந்தது, எழுத வேண்டியவர்களும் புயலுக்குள்ளேயே இருந்தார்கள். இதிலிருந்து ஒரு பெரிய பாடம் கிடைக்கிறது. பதிவுகள் எல்லா நாட்களிலும் ஒரே அளவாக விடுபடுவதில்லை. நல்ல நாட்களில் நிறைவாக எழுதப்படுகின்றன. மிகக் கெட்ட நாட்களில்தான் விடுபடுகின்றன. ஆகவே, விடுபட்ட நாட்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கொண்டு சராசரி காண்பவர், தம்மை அறியாமலேயே வரலாற்றை இனிமையாக்கிவிடுகிறார். இருக்கும் சீட்டை எண்ணி இறந்தவரை எண்ணுவதும் இதே வகைத் தவறுதான். ஏழையின் பயணம் சீட்டில் பதிவாகாதபோது அவன் மரணமும் பதிவாகாமல் போகிறது.

புயலால் சிதைந்த பாம்பன் பாலம் 46 நாட்களில் சீராக்கப்பட்டது, பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்றுச் செய்த பணி அது. தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. அட்டவணையில் ராமேஸ்வரம் கடைசி நிலையமாயிற்று. நம் காலத்திலும் அதே பாம்பனில் ஓர் இடைவெளி நேர்ந்தது. பழைய பாலத்தின் நிலை கருதி 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. இடையிலிருந்த ஆண்டுகளில் ராமேஸ்வரம் வண்டிகள் ரத்தாகிவிடவில்லை. மண்டபம், ராமநாதபுரம் போன்ற நிலையங்களோடு நின்றுவிட்டன. இது 'பகுதி ரத்து'. வண்டி ஓடியது என்று எழுதினாலும் உண்மை. தீவுக்கு ரயில் இல்லை என்று எழுதினாலும் உண்மை.

மெய்யான இடைவெளிகளைப் பார்த்தோம். இடைவெளி போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. சென்னை எழும்பூருக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் பாண்டியன் விரைவு வண்டியின் எண் 2637 என்று இருந்தது. 2010 டிசம்பர் 20 முதல் நாடெங்கும் ஐந்திலக்க எண்கள் வந்தபோது அது 12637 ஆயிற்று. கொரோனாக் காலத்துச் சிறப்பு வண்டியாக ஓடியபோது முதல் இலக்கம் சுழியமாகி 02637 ஆயிற்று. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுபவர், ஒரு வண்டி இறந்து மற்றொன்று பிறந்ததாக எழுதுவார். களம்பூர் ஆரணி ரோடானது போலவே இதுவும் பெயர் மயக்கம்தான்.

கடிகாரமும் மயக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றின. அது இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்தங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. இவற்றை அறியாமல் இரு காலத்து அட்டவணைகளை ஒப்பிடுபவர் இல்லாத மாற்றத்துக்குக் காரணம் தேடி அலைவார்.

எழுதும் கை மாறினாலும் எண் மாறும். 2018ஆம் ஆண்டில் முக்கிய நிலையங்களில், அலுவலர் கையால் நேரம் குறித்த முறைக்குப் பதிலாகத் தானியங்கிக் கருவிகள் நேரத்தைக் குறிக்கத் தொடங்கின. நேரந்தவறாமை விழுக்காடு சரிந்தது. வண்டிகள் திடீரென மெதுவாகிவிட்டனவா? பாதைப் பராமரிப்புப் பணிகளும் அப்போது மிகுதியாக நடந்தன என்பது உண்மை. ஆயினும், முன்பு சில நிமிடங்களைக் கருணையோடு மன்னித்த பேனாவின் இடத்தில் கருணையறியாத கருவி வந்தமையும் ஒரு காரணம் என்று அதிகாரிகளே கூறினர். எண் கெட்டதனால் நிலைமை கெட்டது என்று கொள்ள வேண்டா. உண்மை கூடியதாலும் எண் கெடும்.

இவற்றையெல்லாம் கருதி, பழைய கணக்கொன்றில் வெற்றிடத்தைக் காணும் மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளைச் சுருக்கிச் சொல்கிறேன். முதலாவது, அன்று எத்தனை வண்டிகள் ஓட வேண்டியிருந்தன? இதனை அறியாமல் எந்த விழுக்காட்டையும் நம்பலாகாது. இரண்டாவது, வண்டி ஓடவில்லையா, அல்லது ஓடியும் எழுதப்படவில்லையா? கார்டின் குறிப்பேடு, நிலையப் பதிவேடு, அன்றைய செய்தித்தாள், வானிலைக் குறிப்பு ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவுறும். மூன்றாவது, வேறு பெயரிலோ வேறு எண்ணிலோ அது ஓடியதா? நான்காவது, கணக்கை எழுதியவர் யார், யாருக்குக் காட்டுவதற்காக எழுதினார்? 1974 மே 8 முதல் 27 வரை ரயில்வேத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின்போது, ஓடிய வண்டிகளைப் பற்றி அரசு ஒரு விதமாகவும் சங்கங்கள் வேறு விதமாகவும் பேசின. அத்தகைய நாட்களில் ஒரு தரப்பின் எண்ணை மட்டும் எடுத்தாள்வது வழக்கைக் கேளாமல் தீர்ப்பு எழுதுவதாகும். ஐந்தாவது, வண்டி வராதபோது மக்கள் என்ன செய்தார்கள்?

இந்த ஐந்தாவது கேள்வியையே நான் பெரிதாக மதிக்கிறேன். ரத்தான வண்டியின் தாமதம் சுழியம் என்று புள்ளிவிவரம் சொல்லலாம். பயணியின் தாமதமோ அடுத்த வண்டி வரும் வரை. சென்னைப் புறநகரில் அது சில நிமிடங்கள். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடும் எங்கள் பாதையில் அது அரை நாள். நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்ட இளைஞனுக்கும், வேலூர் மருத்துவமனைக்குப் புறப்பட்ட நோயாளிக்கும் அந்த அரை நாள் என்னவாகும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

எங்கள் இருப்புப்பாதையிலும் ஓர் இடைவெளி உண்டு. மீட்டர் பாதையை அகலப்பாதையாக்கும் பணிக்காக, 2010ஐ ஒட்டிய சில ஆண்டுகள் இங்கே பயணி வண்டிகள் ஓடவில்லை. ரயில்வேயின் கணக்கில் அவை வெற்று ஆண்டுகள். ஊரின் கணக்கில் அவை வெற்று ஆண்டுகள் ஆகமாட்டா. சேலை மூட்டையைப் பேருந்தின் கூரையில் ஏற்றியவர்கள் இருப்பார்கள். கல்லூரியையே மாற்றிக்கொண்டவர்கள் இருப்பார்கள். நிலைய வாசலில் தேநீர் விற்றுவந்து, வேறு தொழிலுக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வண்டி ஓடாத ஒரு நாளையோ ஓர் ஆண்டையோ கண்டுபிடியுங்கள். அந்நாளை நினைவில் வைத்திருக்கும் மூவரிடம் சென்று விசாரியுங்கள். மூவர் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். என் பாட்டியும் தாத்தாவும் கூட ஒத்துப்போனதில்லை. எழுதி முடித்தபின், யாருடைய பெயரையேனும் கணக்கிலிருந்து அடித்துவிட்டோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.